கருவாடு என்று போட்ட பில்

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பார்சல் ஆபீசில் நாலு வருஷம் புக்கிங் பார்த்தேன். ராமநாதபுரம், தூத்துக்குடி வண்டிகளில் வரும் கருவாட்டு மூட்டைகளுக்கு மூக்கு பழகிவிடும். நெத்திலிக்கு ஒரு வாடை, திருக்கைக்கு ஒரு வாடை.

ஒருநாள் சென்னை வண்டிக்கு மாற்றவேண்டிய சாக்கு ஓரத்தில் கிழிந்திருந்தது. கோணூசியோடு உட்கார்ந்தேன். உள்ளே முக்கோணம் முக்கோணமாக, சாம்பல் நிறத்தில் என்னவோ. தடவினால் ஒரு பக்கமாக வழுக்கியது. எதிர்ப்பக்கமாக உப்புத்தாள் போல விரலைப் பிறாண்டியது. சிலவற்றுக்கு நுனி மட்டும் கறுப்பு. வெட்டிய இடத்தில் நரம்பு நரம்பாக நார். எங்கள் லோடுமேன் அண்ணன் கீழக்கரைப் பக்கத்துக்காரர். "சுறாப் பீலி தம்பி. பில்லுல கருவாடுன்னே இருக்கட்டும்" என்றார். சுறாவின் துடுப்பைத்தான் பீலி என்பார்கள். 32 கிலோ. அப்படியே போட்டேன்.

பீலி ஏற்றுமதிக்கு 2015 பிப்ரவரியிலேயே தடை வந்துவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஹாங்காங் பக்கம் விருந்துகளில் சூப்புக்குப் போடுவது அந்த நாரைத்தானாம். அதற்கென்று ருசியே கிடையாது, ருசியெல்லாம் கோழிச்சாறு கொடுப்பது. இதுக்கா இவ்வளவு?

சுறா பிடிப்பதே குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பீலியை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசுவதும் நம் கரையில் அபூர்வம். பால்சுறா மதுரைக்கு வந்து, பிள்ளை பெற்றவளுக்குப் புட்டாகிறது. சிக்கல் பீலியின் விலையில் இருக்கிறது. அந்த விலைதான் உழுவையையும் (சுறா போன்ற உடம்புள்ள திருக்கை இனம்) கொம்பன் சுறாவையும் (சுத்தியல் தலைச் சுறா) விட்டுவைக்க மாட்டேன் என்கிறது. உழுவை 2001 முதலே, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. காய்ந்து சாக்குக்குள் போய்விட்டால் எது உழுவை, எது சாதாரணச் சுறா என்று என்னைப் போன்றவன் எப்படிச் சொல்வது? பல நேரம் மரபணுச் சோதனை வரை போகவேண்டியிருக்கிறது.

மத்தி மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டையிடும் ஜாதியும் இல்லை இது. பல சுறாக்கள் பருவத்துக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேலாகும். அப்புறம் மாதக்கணக்கில் சுமந்து சில குட்டிகள். 1970க்கும் 2018க்கும் இடையில் உலகின் திறந்த பெருங்கடல் சுறா, திருக்கைகள் 71 சதவீதம் குறைந்துவிட்டன, முக்கியக் காரணம் மிதமிஞ்சிய மீன்பிடிப்பு.

சில மாதம் கழித்து அந்தக் கிழிந்த சாக்குக்குரிய ஆளே இன்னொரு சாக்கோடு வந்தார். அனுப்புநர் பெயர் மட்டும் வேறு. "பிரிச்சுக் காட்டுங்கண்ணே, பார்த்துட்டு பில் போடுறேன்" என்றேன். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, சாக்கையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த தெருவில் வேறொரு பார்சல் ஆபீசில் போட்டுவிட்டாராம். சாயங்காலம் லோடுமேன் அண்ணன் சொன்னார்.