தாத்தா பேரில் ஆர்.சி. புக், வண்டி யார் கொட்டகையிலோ

மைசூர் ஐடியல் ஜாவா ஆலையில் வந்த 250 சி.சி. மோட்டார் சைக்கிள், எங்கள் தாத்தாவுடையது. 1980களில் வாய்ப்பேச்சிலேயே கைமாறிப் போனது. பெயர் மாற்றாத ஆர்.சி. புக் மட்டும் பீரோவில் தங்கிவிட்டது. வண்டியும் புத்தகமும் இப்போதுதான் ஒன்றுசேர்ந்தன. நடுவில் வீணான பயணங்களுக்குக் காரணம் ஒரே ஒரு எண்.

கையால் எழுதிய பழைய புத்தகத்தில் 1-ம் 7-ம் ஒன்றுபோலவே இருக்கும். சேசிஸ் நம்பரில், அதாவது வண்டியின் ஃபிரேமில் குத்திய எண்ணில், 1-ஐ 7 என்று படித்துக்கொண்டு, சரியான வண்டியையே "இது இல்லை" என்று விட்டுவிட்டு வந்தாயிற்று. அதே புத்தகத்தில் அதே கையெழுத்தில் இருக்கும் தேதிகளையும் வரி வரவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால், அந்த எழுத்தர் 7 போடும் விதம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தேட வேண்டிய இடம் பழைய டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக்குகள். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா நாள், ஜாவா பிரியர்கள் வண்டியோடு கூடும் நாள். வண்டிகளைவிட வண்டி எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் அங்கே அதிகம். ஆனால் ஆர்.சி. புக்கைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். நம்பரைச் சொல்லிவிட்டால் அதே நம்பரைக் குத்திய ஃபிரேம் ஒன்று முளைக்கும். விற்பவர்தான் முதலில் நம்பரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

சேசிஸ் நம்பர் ஹேண்டில்பார் கழுத்தில், பல அடுக்கு பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும். எமரித் தாள் (உப்புத்தாள்), கம்பி பிரஷ், கிரைண்டர் மூன்றும் வேண்டாம். உரசிய தடம் தெரிந்தால் நம்பரைத் திருத்தியதாகத்தான் ஆர்.டி.ஓ. ஆய்வாளர் பார்ப்பார். பெயின்ட் ரிமூவர் தடவி ஊறவைத்துத் துணியால் துடையுங்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். என்ஜினின் வெளிக்கூடான கிராங்க்கேஸில் இருக்கும் என்ஜின் நம்பருக்கு மண்ணெண்ணெய் போதும். சேசிஸ் சரியாக இருந்து என்ஜின் மட்டும் மாறியிருந்தால், அந்த என்ஜின் வாங்கிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி ஆர்.டி.ஓ. ஆபீஸ். "கம்ப்யூட்டர்ல இல்லைங்க, அப்ப வண்டியே இல்லை" என்று ஜன்னலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1989க்கு முந்தைய பல வண்டிகள் அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்தில் ஏறவே இல்லை. கேட்க வேண்டியது 'பேக்லாக் என்ட்ரி', அதாவது பழைய பதிவேட்டில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அதையும் வாயால் கேட்காமல் மனுவாக எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். ஆபீஸ் பிரிக்கப்பட்டிருந்தால், பழைய பதிவேடு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே விசாரியுங்கள். நாங்கள் விசாரிக்காததில் ஒரு நாள் போயிற்று.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்ட மனு: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் கெடு. உரிமையாளர் விவரம் கேட்டால், தனிநபர் தகவல் என்று அந்தச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள். டூப்ளிகேட் ஆர்.சி. கொடுத்திருக்கிறதா, வேறு ஆபீஸுக்கு மாற்ற என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) போயிருக்கிறதா, கடன் பதிவு நிற்கிறதா, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். டூப்ளிகேட் போயிருந்தால் உங்கள் கையில் உள்ள புத்தகம் வெறும் நினைவுப்பொருள்தான்.

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க, புதுசு வாங்கித் தரேன்" என்று ஒரு புரோக்கர் சொன்னார். அசலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி எழுதுவது பொய் வாக்குமூலம்.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு: புத்தகத்தில் இன்னும் தாத்தா பெயர்தான். அதனால் வண்டியை வைத்திருந்தவரிடம் விற்பவர் தரும் பெயர் மாற்றப் படிவம் 29, 30 எதுவும் வாங்கத் தேவையில்லை. பணம் பெற்று வண்டியை ஒப்படைத்ததாக முத்திரைத்தாளில் ஒரு ரசீது போதும். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றுடன், வாரிசு பேருக்கு மாற்றும் படிவம் 31 கொடுத்தோம். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. கிடைப்பது ஐந்து வருடம்.

50 வருடம் தாண்டிய வண்டியை 2021 விதிப்படி வின்டேஜாகவும் பதியலாம். புதிதாகப் பதியும் வண்டி 20,000 ரூபாய் கட்டி 'VA' வரிசை எண்ணில் ஓட வேண்டும். அசல் புத்தகம் இருந்தால் பழைய எண் அப்படியே நிற்கும். ஆனால் வின்டேஜ் என்றால் அன்றாடம் ஓட்ட முடியாது. அதனால் சாதாரணப் புதுப்பிப்பே போதும் என்று முடிவு செய்தோம்.

புதுப்பிப்புக்கான ஆய்வு நாளில் பிரேக் லைட் எரியவில்லை என்று திருப்பப் பார்த்தார்கள். 6 வோல்ட் பல்பு நடுப்பகல் வெயிலில் எங்கே தெரியும்? கையை வைத்து நிழல் காட்டியதும் சிவந்தது. முந்தின இரவே பேட்டரியைச் சார்ஜ் போட்டு, காலை முதல் ஆளாகப் போங்கள்.