மாம்பழம் இல்லாத சேலம்

ஜனவரி 22, 2025, புதன்

கும்பகோணத்தில் காலையில் ஏறிய சேலம் ரயில், திருச்சி, கரூர், நாமக்கல் வழியாக வந்து பிற்பகலில் எங்களைச் சேலம் சந்திப்பில் இறக்கிவிட்டது. கரூரிலிருந்து நாமக்கல் வழியாகச் சேலத்துக்கு 2013இல் பாதை திறக்கப்படும்வரை ஈரோட்டைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும் என்பதையே காரணமாகச் சொல்லி, மைத்துனர் வீட்டுக்கு வராமல் பல ஆண்டுகள் தப்பித்துவந்தேன். பாதை திறந்த பிறகும் ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மைத்துனர் அதைக் கேட்கவும் இல்லை. வண்டியில் பெட்டியை வைக்கும்போதே, "அத்தான், மாம்பழக் காலத்தில் வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மல்கோவாவைக் கண்ணால் பார்க்கவே இன்னும் மூன்று நான்கு மாதம் ஆகுமாம். சேலம் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பொருள், நாங்கள் வந்த நேரத்தில் ஊரிலேயே இல்லை.

ஐந்து ரோட்டின் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறியபோதுதான் ஊரின் அமைப்பு எனக்கு ஒருவாறு விளங்கியது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரம் தெரியும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கிறது. வடக்கே நகரமலையும் அதற்குப் பின்னால் உயரமாகச் சேர்வராயனும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று மைத்துனர் வண்டியை ஓட்டிக்கொண்டே கைகாட்டினார். பாதையைப் பார்த்து ஓட்டும்படி அவருடைய அக்கா அதட்டினாள்.

மாலையில் தெருமுனைத் தள்ளுவண்டி ஒன்றில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். உள்ளங்கையில் பாதி அளவுள்ள தட்டுவடை ஒன்றின்மேல் சிவப்புச் சட்டினியையும் பச்சைச் சட்டினியையும் தடவி, பீட்ரூட், கேரட் துருவலையும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடித் தருகிறார்கள். கடைக்காரரின் விரல்கள் பீட்ரூட் சாயம் ஏறி மருதாணி இட்டவைபோல் இருந்தன. அதைக் கடித்துத் தின்னக் கூடாது, முழுதாக வாயில் போட வேண்டும் என்பதைச் சட்டையில் கறை பட்ட பிறகே என்னிடம் சொன்னார்கள்.

ஜனவரி 23, வியாழன்

பார்க்க வேண்டிய இடங்களை மைத்துனர் ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறார். அதில் முதலாவது சுகவனேசுவரர் கோயில். சுகம் என்றால் கிளி. கிளிகள் வாழ்ந்த வனத்தில் எழுந்தருளிய ஈசன் என்பது பெயருக்குப் பொருள். வேடனின் வெட்டு லிங்கத்தின்மேல் விழாதபடி கிளிகள் தங்கள் உடலால் மறைத்துக் காத்தன என்பது தலபுராணம். அருணகிரிநாதர் பாடிய தலம். கூட்டம் இல்லாததால் நின்று நிதானமாக வழிபட முடிந்தது. கோபுரத்தில் ஒரு கிளியாவது தென்படுமா என்று என் மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். புறாக்கள்தாம் இருந்தன. கோட்டை மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். ஆடி மாதத்தில் நகரமே அங்கு திரளும் என்றார்கள். தை மாதத்து வியாழக்கிழமையில் பத்து நிமிடத்தில் தரிசனம் முடிந்துவிட்டது.

மைத்துனர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளி வியாபாரியிடம் கணக்கு எழுதுபவர். அதனால்தான் தாளில் இல்லாத ஓர் இடத்தை இன்று பார்க்க வாய்த்தது. கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் குடித்தனம் என்றே தோன்றும் வீட்டின் முன்னறையில் நால்வர் அமர்ந்து கொலுசு செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பது ஒரு வீடு, கம்பியை வளையமாக வெட்டுவது ஒரு வீடு, வளையங்களைக் கோப்பது ஒரு வீடு, சலங்கை முத்துகளைப் பற்றவைப்பது வேறொரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு என்று, ஒரு ஜோடிக் கொலுசு முழுமை பெறுவதற்குள் அந்தப் பேட்டையையே ஒரு சுற்றுச் சுற்றிவந்துவிடுகிறது. நாங்கள் போனது வளையம் கோக்கும் வீடு. ஓர் அம்மாள் இரண்டு சிறு குறடுகளை இரு கைகளிலும் பிடித்து, கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத வளையத்தை ஒன்றால் திறந்து, அடுத்ததில் மாட்டி, மற்றொன்றால் அழுத்தி மூடிக்கொண்டிருந்தார். இவ்வளவையும் தொலைக்காட்சித் தொடரைவிட்டுப் பார்வையை எடுக்காமல் செய்தார். மடியில் விரித்திருந்த துணியில் சிதறும் வெள்ளித் துணுக்குகளை அவ்வப்போது உதறி ஒரு கிண்ணத்தில் சேர்த்தார். வியாபாரி எடைபோட்டுக் கொடுத்த வெள்ளியும் திரும்பிவரும் கொலுசும் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். சேதாரத்துக்கு விட்டுக்கொடுக்கும் அளவு மிகவும் குறைவு என்பதால் துணுக்கும் பணம்தான்.

என் மனைவி தன் காலை நீட்டி, கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் வாங்கிய கொலுசைக் காட்டினாள். அந்த அம்மாள் குனிந்து ஒரு நொடி பார்த்துவிட்டு, "இது இங்க செஞ்சதுதாங்க" என்றார். பதினோரு ஆண்டுகளாக அதைக் கும்பகோணத்து வேலைப்பாடு என்று என் மனைவி உறவினர்களிடம் சொல்லிவந்திருக்கிறாள்.

ஜனவரி 24, வெள்ளி

தாளில் அடுத்தது உருக்காலை. அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பது தெரிந்தே போனோம். வாயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இப்படியொரு சுற்றுலாவை நான் இதற்குமுன் செய்ததில்லை என்றாலும், அலுப்பாக இல்லை. கஞ்சமலையின் இரும்புத்தாது பழங்காலத்திலிருந்தே பேர்பெற்றது. எங்கள் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் நடத்திய இரும்பாலைக்கும் சேலத்துத் தாதுதான் போயிற்று. அந்தத் தாதுவை நம்பியே சேலத்துக்கு ஆலை வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆனால் 1981இல் உற்பத்தி தொடங்கியபோது அது மலையின் தாதுவை உருக்கும் ஆலையாக இல்லை. வெளியிலிருந்து வரும் எவர்சில்வர்ப் பாளங்களைத் தகடாக உருட்டித் தரும் ஆலையாகவே இருந்தது. உருக்குக் கூடம் வந்ததெல்லாம் 2010ஐ ஒட்டித்தான். மலை பக்கத்திலேயே நிற்க, ஆலை அதைத் தொடாமல் இயங்குகிறது. மலையடிவாரத்தில் சித்தர் கோயில் இருப்பதால், ஒருவகையில் அதுவும் நல்லதற்குத்தான் என்று எனக்குப் பட்டது. நாணயம் அச்சடிப்பதற்கான வெற்று வில்லைகளும் இந்த ஆலையில் வெட்டப்படுவதுண்டு என்று மைத்துனர் சொன்னதும், சட்டைப்பையிலிருந்த சில்லறையை எடுத்து வாயிற்காவலர் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் ஆத்தூர்ச் சாலையில் மைத்துனரின் நண்பர் ஒருவருடைய ஜவ்வரிசி ஆலைக்குப் போனோம். ஆலை கண்ணில் படுவதற்கு முன்பே புளித்த மாவின் வாடை அடித்தது. நாங்கள் மரவள்ளி என்பதை இங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள். லாரியில் வந்த கிழங்கில் ஒரு கூடையை எடுத்து அதில் எவ்வளவு மாவு தேறும் என்று பார்க்கிறார்கள். அதற்குப் பெயர் பாயிண்ட். டன்னுக்கு இவ்வளவு என்று மொத்தமாக விலை இல்லை. பாயிண்டுக்கு இவ்வளவு என்பதுதான் பேச்சு. தோலுரித்து, கழுவி, அரைத்து, பாலைத் தொட்டிகளில் தெளியவிட்டு, அடியில் தங்கிய ஈரமாவை ஆட்டிக் குருணையாக்கி, சூடான தகட்டில் வறுத்துக் களத்தில் காயப்போடுகிறார்கள். சிமெண்டுக் களத்தில் ஒருவர் பலகையால் ஜவ்வரிசியைத் தள்ளிக்கொண்டே போக, பின்னால் கோலமாவு இழுத்ததுபோல் வரிகள் விழுந்தன. களத்தின் வெண்மையில் கண் கூசியதால் நான் நிழலுக்குள் வந்துவிட்டேன்.

உண்மையான ஜவ்வரிசி கிழக்கு நாடுகளில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து கிடைப்பது. இரண்டாம் உலகப் போரில் அந்த இறக்குமதி நின்றபோது, மரவள்ளி மாவிலிருந்து அதே உருண்டையைச் செய்துவிடலாம் என்று 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் முயன்றதில் தொடங்கியதுதான் இந்தத் தொழில். போர்க்காலத்துப் பதிலி, 2023இல் புவிசார் குறியீடு பெறும் அளவுக்கு ஊரின் சொந்தப் பொருளாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கல்யாணப் பாயசமும் வெயில்கால வடாமும் இந்தக் களத்தைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

ஜனவரி 25, சனி

ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். குடியரசு நாள் ஞாயிறில் வருவதால் கூட்டம் இருக்காது என்று மைத்துனர் கணக்கிட்டிருந்தார்; கணக்கெழுதுபவர் இப்படித் தவறலாமா என்று அடிவாரத்து வரிசையில் நின்றபோது கேட்டேன்.

வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்தோம். டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய படப்பிடிப்பு நிலையத்தில் இன்று எஞ்சியிருப்பது சாலையோரத்து இந்த நுழைவு வளைவு மட்டும். மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938இலும், தமிழின் முதல் வண்ணப்படம் 1956இலும் இந்த நிறுவனத்திலிருந்து வந்தன, மு. கருணாநிதி இங்கே சம்பளத்துக்கு வசனம் எழுதியிருக்கிறார். வளைவுக்குள் தலையை நீட்டிப் பார்த்தால் குடியிருப்புகள் தெரிகின்றன. இளைஞர்கள் சிலர் வளைவின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். நானும் என் மனைவியை நிற்கவைத்து ஒன்று எடுத்தேன். பின்னணியில் ஒரு தண்ணீர் லாரி விழுந்துவிட்டது.

மலைப்பாதையில் இருபது கொண்டைஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் இருப்பதால், வயிற்றைப் புரட்டுபவர்களுக்கு இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டு வரும் வசதி உண்டு. என் மனைவி பதினான்காவதில் எண்ணுவதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே போகப்போக இரு பக்கமும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் ஏறிய மிளகுக்கொடியும், நிழலில் காப்பிச்செடியும் தொடர்ந்து வந்தன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட பயிர் அது. ஒரு தோட்டத்து வாசலில் காப்பிக்கொட்டையைக் களத்தில் உலர்த்தியிருந்தார்கள். ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். காப்பி வாசனை துளியும் இல்லை. ஈரவைக்கோலின் மணம்தான் இருந்தது. வறுத்த பிறகே அது நமக்குத் தெரிந்த காப்பியாகிறது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. நாங்கள் அறையெடுத்த விடுதியில், ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் காப்பிச்செடி நிற்க, ஆவலோடு கேட்டு வாங்கிய காப்பி, வெந்நீரில் கரைத்த இன்ஸ்டன்ட் தூள். கும்பகோணத்துக்காரனிடம் இதைக் கொடுக்கிறோமே என்று அந்தப் பையனுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. "ஃபில்டர் காப்பி இல்லையா தம்பி?" என்று கேட்டதற்கு, "கீழே சேலத்துலதான் சார் நல்லா இருக்கும்" என்றான்.

மாலையில் லேடீஸ் சீட். பாறை விளிம்பிலிருந்து பார்த்தால் நாங்கள் மூன்று நாட்களாகச் சுற்றிய ஊர் முழுவதும் காலடியில் கிடக்கிறது. மாக்னசைட் கனிமம் வெட்டிய இடங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. மைத்துனர் மேற்கே, தொலைவில் மங்கலாக மின்னிய ஒரு கோட்டைக் காட்டி, "அதுதான் மேட்டூர் அணை அத்தான்" என்றார். அணையா, வெயிலில் மின்னும் தகரக் கூரையா என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை. 1934இல் கட்டிமுடித்த அந்த அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். எங்கள் தெருவில் காவிரித் தண்ணீரைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. அடைக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன். விளக்குகள் ஏற்றப்பட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் தூக்கியதால் முன்னால் நின்றவர்களின் முழங்கைகளைத்தான் பார்க்க முடிந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

ஏரியில் படகுக்கு நின்ற வரிசையைப் பார்த்ததும் திரும்பிவிட்டோம். பகோடா பாயிண்டையும் தாளில் அடித்துவிட்டோம்.

சேர்வராயன் கோயிலுக்கு மட்டும் போகத்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மலைத்தொடரின் உச்சி அது, 5,326 அடி. மேலே மரங்கள் இல்லாத அகன்ற புல்வெளியில், காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. கோயில் என்பது ஒரு குகை. முதுகைப் பாதியாக வளைத்துக்கொண்டுதான் நுழைய முடியும். எனக்கு இடுப்புவலி இருப்பது சாமிக்குத் தெரிந்திருக்கும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் இருட்டுமாக, விளக்கொளியில் இரண்டு திருவுருவங்கள்: ஒருவர் சேர்வராயன், மற்றவர் காவேரியம்மன். மலையாளிகள் என்று அழைக்கப்படும் இம்மலை மக்களின் தெய்வங்கள் இவர்கள். அவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். மே மாதத்துத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் அனைத்திலிருந்தும் வருவார்களாம்.

குகைக்குள் போகும் பாதை காவிரி பிறக்கும் இடம்வரை செல்கிறது என்று நம்புகிறார்கள். பூசை செய்பவரிடம் நாங்கள் கும்பகோணம் என்று சொன்னதும், "அப்ப நீங்க அம்மா ஊருங்க" என்று விபூதியை ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தார். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் காவிரிப் படித்துறை இருந்தும், நான் ஆடிப்பெருக்கன்று மட்டுமே போகிறவன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 27, திங்கள்

காலையில் இறங்கிவந்து அவசரமாகக் கடைத்தெருவுக்குப் போனோம். பேத்திக்கு ஒரு ஜோடிக் கொலுசும், இரண்டு கிலோ ஜவ்வரிசியும், ஏற்காட்டில் வாங்க மறந்த மிளகைச் சேலத்துக் கடையிலும் வாங்கினோம். மைத்துனர் தன் தாளை எடுத்துப் பார்த்தார். பதினொன்றில் ஐந்துதான் முடிந்திருந்தது. தாரமங்கலத்துக் கோயில் தூணில் யாளியின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையைப் பார்க்காமல் போவது அவருக்குப் பெரிய குறை. மே மாதம் வாருங்கள், மாம்பழமும் இருக்கும் என்று ரயில் நகரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

ரயில் நாமக்கல்லைத் தாண்டியபோது, என் மனைவி பையிலிருந்து ஜவ்வரிசிப் பொட்டலத்தை எடுத்து, விலைச்சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, நம் தெரு மளிகைக்கடையில் இதைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்றாள்.