2.7 ஜி.பி.ஏ.வுடன் மெடிக்கல் ஸ்கூல்

அமெரிக்காவில் டிகிரி முடித்த பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல். அதனால் காலேஜில் வாங்கிய ஒவ்வொரு கிரேடும் கூடவே வரும். 120 கிரெடிட் (பாடங்களின் அளவு) முடித்தபோது என் ஜி.பி.ஏ., அதாவது 4க்குக் கணக்கிடும் சராசரி கிரேடு, 2.7. அங்கே டாக்டராவதற்கான முதல் பட்டமான எம்.டி.யில் சேருகிறவர்களின் சராசரியோ 3.7க்கும் மேல். அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், நான் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படித்தேன். விண்ணப்பத்திலும் இதை இரண்டு வரிக்கு மேல் நீட்டவில்லை.

முதல் வேலையாகக் கணக்குப் போட்டேன். 120 கிரெடிட், 2.7 என்றால் 324 புள்ளி. இன்னும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ, அதாவது 4 புள்ளி, வாங்கினால் 120 புள்ளி கூடும். 444ஐ 150ஆல் வகுத்தால் 2.96. ஒரு வருஷம் ஒரு ஏ கூடத் தவறாமல் படித்தாலும் 3.0 எட்டாது!

அதே பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடு அழிந்துவிடும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். எம்.டி. பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் இரண்டு கிரேடும் கணக்கில் வரும். எம்.டி. போலவே இன்னொரு மருத்துவப் பட்டமான டி.ஓ. தரும் பள்ளிகளுக்கு முன்பு அந்தச் சலுகை இருந்தது, 2017இல் எடுத்துவிட்டார்கள். டெக்சாஸ்வாசிகளுக்கு மட்டும், அங்குள்ள அரசுப் பள்ளிகளில், 10 வருஷத்துக்கு முந்தைய பாடங்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடச் சட்டம் உண்டு. ஆனால் நல்ல கிரேடும் சேர்ந்தே போய்விடும்.

மாஸ்டர்ஸ் செய்யலாமா என்றும் யோசித்தேன். அந்த மார்க் தனியாகத்தான் நிற்கும், இளநிலை ஜி.பி.ஏ.வைத் தொடாது. எனக்கோ ஆர்கானிக் கெமிஸ்ட்ரியிலேயே டி. அடித்தளம் ஆடும்போது மேல்மாடி எதற்கு? டிகிரி முடித்தவர்கள் இளநிலைப் பாடங்களை எடுக்கும் போஸ்ட்-பேக்கில் சேர்ந்து அறிவியல் பாடங்களை முதலிலிருந்து எடுத்தேன். வேலை இருந்ததால் செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று ஆரம்பித்தேன். அட்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணொண்ணா எடுத்து ஏ வாங்கினா யாரும் மதிக்கமாட்டாங்க, ஃபுல் லோடு எடு" என்றார். கையிருப்பைக் கரைத்துத்தான் அதைச் செய்ய முடிந்தது. 40 கிரெடிட், 3.9. மொத்தம் சரியாக 3.0.

இவ்வளவு உழைத்தும் 3.0தானா என்று தோன்றும். ஆனால் ஆம்காஸ் ஒரு அட்டவணை போடுகிறது. முதல் வருஷம், இரண்டாம் வருஷம் என்று வரிசையாக, போஸ்ட்-பேக்குக்குத் தனி வரி, அறிவியல் பாடங்களுக்குத் தனிப் பத்தி. மேலே 2.4, 2.6 என்று கிடக்க, கீழே 3.9. எனக்காகப் பேசியது அந்த ஒரு வரிதான்.

அந்த விண்ணப்பத்தை நிரப்புவது தனிக் கொடுமை. டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் நாமே டைப் செய்ய வேண்டும், பாதியில் விட்ட பாடம் உட்பட. ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு நேராக 'டி' அடித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஆம்காஸ்காரர்கள் வரிக்கு வரி சரிபார்ப்பார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் அதற்கே வாரக்கணக்கில் ஆகும், அதனால் ஜூன் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது.

மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் ஸ்கோர் 472இலிருந்து 528 வரை. எனக்கு 514. குறைந்த ஜி.பி.ஏ.க்காரர் அதைத் 'தயார்' என்று தோன்றாமல் எழுதவே கூடாது, பழைய ஸ்கோரும் பள்ளிகளுக்குத் தெரியும்.

எம்.டி. பள்ளிகள் பலவும் இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை. ஒரு டி.ஓ. பள்ளி கூப்பிட்டது. "அப்போதைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்கள். வேலையை விட்டது, ஃபுல் லோடு எடுத்தது, வாராவாரம் எப்படிப் படித்தேன் என்பது, இவ்வளவுதான் சொன்னேன். வெயிட்லிஸ்டில் போட்டு, கடைசியில் இடம் கொடுத்தார்கள்.

"டி.ஓ.ன்னா முழு டாக்டரா?" என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். 50 மாநிலத்திலும் எம்.டி.க்கு உள்ள அதே உரிமைதான். பட்டத்துக்குப் பிறகான ரெசிடென்சி பயிற்சிக்கும் 2020இலிருந்து ஒரே அங்கீகார முறை. காம்லெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வு எங்களுக்குக் கட்டாயம், எம்.டி.க்காரர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.ஈ.யும் நான் சேர்த்தே எழுதப்போகிறேன்.

ஒன்று விட்டுப்போச்சு. சில பள்ளிகள் குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வுக்குக் கீழே இருந்தால் ஃபைலைத் திறப்பதே இல்லை. பணம் கட்டும் முன் ஒவ்வொரு பள்ளியின் தளத்திலும் அதைப் பார்த்துவிடுங்கள். எழுதியிருக்காவிட்டால் அட்மிஷன் ஆபீசுக்கு ஒரு மெயில் போடுங்கள், பெரும்பாலும் பதில் வரும்.