மீட்டிங் முடிஞ்சதும் உடனே கிளம்பிடாதீங்க

குடிய விடணும்னு நினைச்சு முதல் தடவை ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்குறவங்க அமைப்பு) மீட்டிங் போறவங்ககிட்ட எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், போய் சும்மா உக்காருங்க, பேசணும்னு கூட இல்லன்னு. அது சரிதான். ஆனா அது பாதி விஷயம்தான்னு எனக்கு தோணுது, மீதி பாதி மீட்டிங் முடிஞ்சப்புறம்தான் இருக்கு, அத யாரும் சரியா சொல்றதில்ல.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. தினமும் நிறைய குடிக்கிற உடம்பா இருந்தா, மீட்டிங் போறோமேன்னு திடீர்னு நிறுத்திடாதீங்க, முதல்ல ஒரு டாக்டர பாருங்க. நிறுத்துன முதல் சில நாளுக்குள்ள சிலருக்கு வலிப்பு வரும், சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணு முன்னாடி தெரியும், உயிருக்கே ஆபத்தாகும். அதுக்கு மருந்து இருக்கு. மீட்டிங் அந்த வேலைய பண்ணாது.

மீட்டிங் எங்க நடக்குதுன்னு கண்டுபிடிக்கிறது இப்போ கஷ்டமில்ல. ஏஏ வெப்சைட்ல இருக்கு, மீட்டிங் கைடுன்னு ஒரு ஆப்பும் இருக்கு. லிஸ்ட்ல ஓப்பன், க்ளோஸ்டுன்னு போட்டிருப்பாங்க, ஓப்பன்னா யார் வேணா வந்து கேக்கலாம், க்ளோஸ்டுன்னா குடிப் பிரச்சனை இருந்து அத விடணும்னு நினைக்கிறவங்களுக்கு மட்டும். அப்படின்னா நீங்க ரெண்டுக்குமே போகலாம். லிஸ்ட்ல இருக்குற நேரமும் இடமும் சில சமயம் பழசா இருக்கும், அதனால ஹெல்ப்லைனுக்கு ஒரு போன் போட்டு கேட்டுட்டு போங்க, எடுக்குறவங்க பெரும்பாலும் குடிச்சு மீண்டு வந்தவங்களாதான் இருப்பாங்க, குரல் நடுங்குனா கூட புரிஞ்சுக்குவாங்க.

உள்ள போனா ஃபாரம் கிடையாது, ஃபீஸ் கிடையாது, பேர்ல பாதி சொன்னா போதும். குடிய விடணும்ங்கிற ஆசை ஒண்ணுதான் தகுதி. செலவுக்குன்னு ஒரு பை சுத்தி வரும், புதுசா வந்தவங்க எதுவும் போட வேண்டாம். ஒருத்தர் பேசும்போது மத்தவங்க குறுக்க பேசவோ அட்வைஸ் பண்ணவோ மாட்டாங்க. உங்க முறை வந்தா "இன்னைக்கு கேக்குறேன்"னு சொன்னா அடுத்தவங்களுக்கு போயிடும்.

அங்க கேட்டத வெளிய சொல்றதில்லங்கிறதால யார் என்ன பேசுனாங்கன்னு எழுத மாட்டேன். ஆனா காலைல கண்ணு முழிச்சதும் முதல்ல போன எடுத்து, ராத்திரி யார் யாருக்கு கால் பண்ணிருக்கோம் என்ன மெசேஜ் அனுப்பிருக்கோம்னு பாக்குற அந்த பயம் எனக்கு மட்டும்தான்னு ரொம்ப வருஷமா நினைச்சிட்டு இருந்தேன், இல்லன்னு அந்த ரூம்லதான் தெரிஞ்சது.

இப்போ விஷயத்துக்கு வரேன். மீட்டிங் முடிஞ்சதும் கதவ நோக்கி ஓடத்தான் தோணும். ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க, சேரெல்லாம் எடுத்து வைக்க ஒரு கை குடுங்க, யாராவது வந்து பேசுவாங்க, அவங்க நம்பர வாங்கிக்கோங்க. ஏஏ உருவானதே இப்படி ஒரு போன்லதான். 1935 மே மாசம், குடிய விட்டு சில மாசமே ஆன பில் வில்சன் அமெரிக்கால ஆக்ரன்ங்கிற ஊர்ல பிசினஸ் தோத்துப்போய் தனியா ஹோட்டல்ல நின்னுட்டு இருந்தார், ஒரு பக்கம் பார் கூப்பிடுது, அவர் போய் போன எடுத்து சர்ச்சுக்கெல்லாம் கால் பண்ணி, பேசுறதுக்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரான்னு கேட்டார். அப்படி கிடைச்சவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், கால் மணி நேரம்தான் பேசுவேன்னு வந்தவர் மணிக்கணக்கா உக்காந்துட்டார். அந்த ரெண்டு பேர்தான் ஏஏவ ஆரம்பிச்சவங்க.

நம்பர் வாங்குனா மட்டும் பத்தாது, ஒண்ணும் இல்லாத சாதாரண நாள்ல ஒரு தடவை கூப்பிட்டு "சும்மாதாங்க கூப்பிட்டேன்"னு பேசி வைங்க. ஏன்னா குடிக்கணும்னு உடம்பே இழுக்குற நேரத்துல முன்னபின்ன பேசாத ஆளுக்கு போன் போட கை வராது. அந்த இழுப்பு ஏறும், கொஞ்ச நேரத்துல தானா இறங்கும், இறங்குற வரைக்கும் லைன்ல ஒரு ஆள் இருந்தா போதும். முதல் கிளாஸுக்கு முன்னாடி கூப்பிடணும், அதுதான் முக்கியம். ஸ்பான்சர்னு ஒருத்தர, அதாவது முன்னாடியே குடிய விட்டு இப்போ உங்களுக்கு வழிகாட்டுற ஆள, நிதானமா தேடிக்கலாம், பொதுவா ஆணுக்கு ஆண் பெண்ணுக்கு பெண்னுதான் சொல்வாங்க. புதுசா வந்தவங்ககிட்ட ரொம்ப நெருங்கி, தனியா பாக்கலாமான்னு கேக்குற ஆளும் எங்கயாவது இருக்கலாம், அவங்க எத்தனை வருஷம் குடிக்காம இருந்தாலும் சரி, ஒதுங்கிடுங்க.

ஏஏல வர்ற பிரார்த்தனை, கடவுள் பேச்செல்லாம் ஒத்துவராதவங்களுக்கு 1994ல ஆரம்பிச்ச ஸ்மார்ட் ரெகவரின்னு வேற ஒரு அமைப்பு இருக்கு, அதுல மேல இருக்குற சக்தி பத்தின பேச்சு இருக்காது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற பயிற்சிதான். ஏஏலயே ஒரு குரூப் மாதிரி இன்னொண்ணு இருக்காது, ஒண்ணு பிடிக்கலன்னா வேற நாள் வேற குரூப் போய் பாருங்க. குடிக்கிறவங்க வீட்டுல இருக்குறவங்களுக்கு அல்-அனான்னு ஒரு அமைப்பு தனியா இருக்கு, பில்லோட மனைவி லோயிஸ் 1951ல ஆரம்பிச்சு வெச்சது.

நேர்ல போக முடியாதவங்களுக்கு ஆன்லைன் மீட்டிங் இருக்கு, கேமராவ ஆஃப் பண்ணிட்டே இருக்கலாம். அதுலயும் நிறைய குரூப்ல முடிஞ்சப்புறம் கொஞ்ச நேரம் லைன மூடாம வெச்சிருப்பாங்க, அப்போ "நான் புதுசு, யார்கிட்டயாவது பேசணும்"னு சாட்ல போடுங்க.