மலிவான மின் கிட்டாரில் நான் முதலில் பார்ப்பது மெட்டுகளை

என் அறைச் சுவரில் இப்போது நான்கு மின் கிட்டார்கள் தொங்குகின்றன. நான்குக்கும் கொடுத்த பணத்தைக் கூட்டினாலும், அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு புதிய ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலையில் ஏறக்குறைய பாதிதான் வரும். மேடையில் வாசிப்பவன் அல்ல நான். அலுவலகம் முடிந்து வந்து, இரவு உணவுக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் வாசிப்பவன். பதினைந்து ஆண்டுகளாக வாங்கியும், ஒப்பிட்டும், சிலவற்றை விற்றும் வந்ததில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உருவாகியிருக்கிறது. விலை குறைந்த கிட்டாரில் மரத்தின் பெயரையோ தலைப்பகுதியில் அச்சிட்ட பெயரையோ விட, அந்த ஒரு கருவியின் மெட்டுகளை, அதாவது விரல் பலகையில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளை, யாரோ ஒருவர் எவ்வளவு நேரம் செலவிட்டுச் சீர்செய்தார் என்பதே வாசிப்பவரின் விரலுக்கு முக்கியம்.

சுவரில் இருப்பவை இவை: பழையதாக வாங்கிய ஸ்க்வையர் அஃபினிட்டி ஸ்ட்ராட், யமஹா பசிஃபிகா 112வி, எபிஃபோன் லெஸ் பால் ஸ்பெஷல், ஐபனெஸ் ஜியோ வரிசையில் 24 மெட்டுகள் கொண்ட ஒன்று. இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மின் கிட்டார் உலகின் இரு பெரும் மரபுகளும் 1950களில் பிறந்தவை. கிப்சனின் லெஸ் பால் 1952இலும், ஃபென்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இலும் வந்தன. இன்று பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கருவியும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் அளவுகளைத்தான் பின்பற்றுகிறது. ஃபென்டர் மரபில், தலைப்பக்கம் தந்தி அமரும் நட்டிலிருந்து உடலில் அது அமரும் பிரிட்ஜ் வரை தந்தியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். கிப்சன் மரபில் ஏறத்தாழ 628. ஒரே தடிமன் உள்ள தந்தியை ஒரே சுருதிக்கு முறுக்கும்போது, இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே அந்த 20 மில்லிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ ஆறரை விழுக்காடு கூடுதல் இறுக்கமாக விரலில் உறைக்கிறது. கிப்சன் மரபில் வரும் எபிஃபோனை எடுத்து வாசித்துவிட்டு ஃபென்டர் மரபில் வரும் ஸ்க்வையரைக் கையிலெடுத்தால், தந்திகளை யாரோ தடிமனாக மாற்றிவிட்டார்களோ என்று தோன்றுவது இதனால்தான்.

ஸ்க்வையர் என்ற பெயரின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. அது முதலில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் க்ரீக் நகரில் தந்திகள் செய்துவந்த ஒரு நிறுவனத்தின் பெயர். 1965இல் ஃபென்டர் அதை வாங்கியது. ஜப்பானிய நிறுவனங்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டரை அச்சு அசலாகச் செய்து குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியபோது, ஃபென்டர் தானே ஜப்பானில் கிட்டார் செய்து அந்தப் போட்டியைச் சந்திக்க முடிவெடுத்தது. அப்படி 1982இல், மாட்சுமோட்டோ நகரின் ஃபூஜிஜென் ஆலையில் செய்த கருவிகளுக்கு இந்தப் பழைய தந்தி நிறுவனத்தின் பெயரைச் சூட்டினார்கள். மலிவு விலைக்கென்று செய்யப்பட்ட அந்தத் தொடக்கக் காலக் கருவிகளை இன்று சேகரிப்பவர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். ஆலையில் வேலை செய்தவர்களின் கைத்திறன் அவ்வளவு சீராக இருந்ததே அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இனி ஒப்பிடும் முறை. கடையில் ஒன்றை எடுத்து ஐந்து நிமிடம் வாசித்து, அடுத்ததை எடுத்து ஐந்து நிமிடம் வாசித்து முடிவெடுத்தால், நாம் பெரும்பாலும் தந்திகளின் வயதைத்தான் ஒப்பிட்டிருப்போம். பல மாதம் மாட்டிவைத்த கருவியின் தந்தி மங்கிப் போயிருக்கும். நேற்று பெட்டியிலிருந்து எடுத்தது பளிச்சென்று ஒலிக்கும். ஆகையால் நான்கு கிட்டார்களுக்கும் ஒரே நாளில், ஒரே நிறுவனத்தின் 9 முதல் 42 வரையிலான (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தந்திக்கட்டை மாட்டுகிறேன். ஒரே கேபிள், ஒலியைப் பெருக்கும் ஒரே ஆம்ப், அதன் திருகுகளை ஒரே இடத்தில் வைத்து, எந்த விளைவும் சேர்க்காத தெளிந்த ஒலியில் தொடங்குகிறேன். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளான பிக்கப் வலிமையாக உள்ள கிட்டார் சற்று உரக்க ஒலிக்கும். உரத்த ஒலியை நம் காது உடனே சிறந்த ஒலியாக ஏற்றுக்கொள்ளும். எனவே ஒவ்வொரு முறையும் ஒலியளவைச் சமப்படுத்திய பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும். இதை நான் கடைப்பிடிக்கத் தொடங்கிய பிறகு, முன்பு எழுதி வைத்திருந்த குறிப்புகளில் பாதியை அடித்துவிட நேர்ந்தது.

இப்போது மெட்டுகளுக்கு வருகிறேன். ஃப்ரெட் என்று கிட்டார்காரர்கள் சொல்வதையே வீணையில் மெட்டு என்கிறோம். வீணையில் 24 மெட்டுகளை மெழுகின் மேல் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டு நகர்த்திச் சுருதி சேர்ப்பார்கள். மெழுகு தளர்ந்தால் மீண்டும் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைப் புதிதாகப் பதிக்க, கொடுக்க வேண்டும். கிட்டாரில் மெட்டு வைக்கும் பள்ளங்களைக் கணினி இயக்கும் இயந்திரம் அறுத்துவிடுகிறது. ஆகவே இடம் தவறுவது அரிது. உயரம் அப்படியல்ல. பள்ளத்தில் அழுத்திய உலோகக் கம்பிகள் அனைத்தையும் ஒரே மட்டத்துக்கு அராவி, தட்டையான தலையை மீண்டும் வளைவாக்கி, ஓரங்களை உருட்டி, மெருகேற்றுவது மனிதக் கையும் நேரமும் வேண்டும் வேலை. ஒரு கருவியின் விலையைக் குறைக்க வேண்டுமானால் முதலில் வெட்டு விழும் இடம் இதுதான். கிட்டாரின் நீண்ட கழுத்தான நெக்கைச் செதுக்கும் இயந்திரம் விலை பார்த்து வேலை செய்வதில்லை. ஆலையில் மெட்டைத் தேய்ப்பவருக்கு ஒரு கிட்டாருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு உண்டு.

சோதிப்பது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் நெக்கின் இரு ஓரங்களிலும் விரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்க்கிறேன். எங்காவது உலோக முனை தோலைக் கீறினால் குறித்துக்கொள்கிறேன். பிறகு மூன்று மெட்டுகளை மட்டும் தொடும் நீளமுள்ள நேரான எஃகு விளிம்பு ஒன்றை அவற்றின் மேல் வைத்து ஆட்டுகிறேன். அது தராசுத் தட்டைப் போல ஆடினால் நடு மெட்டு உயர்ந்திருக்கிறது என்று பொருள். கடையில் அந்த எஃகு விளிம்பு இல்லையென்றால், ஆறு தந்திகளிலும் ஒவ்வொரு மெட்டையும் விடாமல் மெதுவாக வாசிப்பேன். கடைக்காரர் சற்றுச் சலித்துக்கொள்ளலாம், பரவாயில்லை. கடைசியாக, முதல் தந்தியை 12ஆம் மெட்டுக்கு மேல் அழுத்தி, கமகத்துக்கு இழுப்பதைப் போல ஒரு முழு சுரம் உயரும் வரை இழுக்க வேண்டும். விரல் பலகை அகலவாட்டில் வளைந்திருப்பதால், இழுபடும் தந்தி நடுவிலிருக்கும் மேட்டில் ஏறி அடுத்தடுத்த மெட்டுகளில் உரசும். மெட்டு சீராக இல்லையென்றால் சுரம் அங்கேயே அணைந்துவிடும். ஸ்க்வையரில் அந்த வளைவின் ஆரம் ஒன்பதரை அங்குலம், எபிஃபோனில் 12, பசிஃபிகாவில் 13.75, ஐபனெஸில் 15.75. ஆரம் பெரிதாக ஆகப் பலகை தட்டையாகிறது, தந்தியைத் தாழ்வாக வைத்து இழுக்க முடிகிறது. தாளத்துக்குக் கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிப்பவருக்கு அதிக வளைவு இதமாக இருக்கும். நீண்ட இழுப்புகளை விரும்பும் எனக்குத் தட்டையான பலகையே பிடிக்கிறது.

மெட்டுக்கு அடுத்தபடி நட். தலைப்பகுதியில் தந்திகள் அமரும் அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டின் பள்ளங்களை, குறைந்த விலைக் கருவிகளில் பெரும்பாலும் உயரமாகவே விட்டுவிடுகிறார்கள். ஆழமாகத் தோண்டி வீணாக்குவதை விட உயரமாக விடுவது ஆலைக்குப் பாதுகாப்பு. விளைவு என்னவென்றால், முதல் மெட்டில் கார்டு பிடிக்கும்போது தந்தி கூடுதலாக நீண்டு சுருதி ஏறிவிடுகிறது. திறந்த தந்திகள் எல்லாம் சரியாகச் சுருதி சேர்ந்திருந்தும் எஃப் கார்டு மட்டும் கரகரவென்று ஒவ்வாமல் ஒலிக்கும்; கற்றுக்கொள்பவரோ தன் விரலின் மீது பழி போட்டுக்கொள்வார். மூன்றாம் மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் மெட்டின் மேல் பாருங்கள். அங்கே ஒரு மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். என் நான்கில் இரண்டுக்கு இந்த வேலையைச் செய்யக் கொடுத்தேன். ஒரு பழுதுநீக்குபவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார், அதற்குப் பிறகு அந்த இரண்டும் முற்றிலும் வேறு கருவிகளாக மாறிவிட்டன.

மரத்தைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. எனக்கு அதில் ஆர்வம் குறைவு. ஒரு செய்தியை மட்டும் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். 2017இன் தொடக்கத்தில் ரோஸ்வுட் வகை மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைக்கும் முன்பே, பல நிறுவனங்கள் விரல் பலகைக்கு வேறு மரம் தேடிக்கொண்டன. ஸ்க்வையரும் எபிஃபோனும் எடுத்துக்கொண்ட ‘இந்தியன் லாரல்’ நம் மலைக்காடுகளில் வளரும் கருமருதுதான். முதலை முதுகைப் போல் வெடித்த பட்டை கொண்ட அந்த மரம், ஆசிய ஆலை ஒன்றில் கிட்டாராகி என் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

பிக்கப்பில் விலை வேறுபாடு தெரிகிறது, மறுக்கவில்லை. அஃபினிட்டியில் செராமிக் காந்தம். பசிஃபிகா 112வியில் ஆல்நிக்கோ காந்தம். செராமிக் ஒலியின் மேல் பகுதி சற்றுக் கூர்மையாக இருப்பதாக என் காதுக்குப் படுகிறது. டோன் திருகை ஏழுக்குக் குறைத்தால் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கும். 1955இல் கிப்சனின் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர், எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களால் அந்த இரைச்சலைத் தானே அழித்துக்கொள்கிறது. பழைய வயரிங் உள்ள அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர் இதை மறந்துவிடக் கூடாது. பசிஃபிகாவில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள். டோன் திருகை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும். ஒரே ஒரு கிட்டார்தான் வாங்க முடியும் என்பவருக்கு இந்த அமைப்பு மிகவும் பயனுடையது.

சென்னைக் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை வாங்கி நெக்கின் வளைவு மாறுகிறது. சித்திரையில் குளிரூட்டிய அறையில் மரம் சுருங்கி, சுருங்காத உலோக மெட்டுகளின் முனைகள் வெளியே நீட்டுகின்றன. முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்திப் பிடித்து, நடுவில் எட்டாம் மெட்டின் மேல் கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று ஆண்டுக்கு இரு முறை பார்க்கிறேன். இல்லையென்றால் நெக்குக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைக் கால் திருப்புக்கு மேல் போகாமல் சரிசெய்து, ஒரு நாள் விட்டு மீண்டும் பார்க்கிறேன்.

அந்த ட்ரஸ் ராட் திரும்பாவிட்டால் கருவியே வீண். ஒருமுறை இணையத்தில் ஒருவரிடம் படங்களை மட்டும் பார்த்து ஒரு பழைய கிட்டாரை வாங்கினேன். மேனி கீறலின்றி மின்னியது. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால், திருகின் வாய் முழுவதும் தேய்ந்து, சாவி பிடிமானமின்றிச் சுற்றியது. நெக் வில்லாக வளைந்து கிடந்தது. சரிசெய்யும் செலவு வாங்கிய விலையை விட அதிகம் என்றார் பழுதுநீக்குபவர். ஒன்பதாயிரம் ரூபாயும், அதைவிட அந்த ஏமாற்றமும் இன்னும் வலிக்கின்றன. அதன் பின் பழைய கருவி எதையும், சாவியைக் கையில் எடுத்துச் சென்று திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை.

சென்ற மாதம் என் அக்காள் மகள் தன் முதல் சம்பளத்தில் கிட்டார் வாங்க வேண்டும் என்றாள். இருபத்தைந்தாயிரத்துக்குள் பசிஃபிகா வகை ஒன்றையோ அதற்கு நிகரானதையோ பார்க்கலாம் என்று சொல்லி, கடைக்கு அழைத்துப் போனேன். அவள் விரும்பிய மாதிரியில், ஒரே நிறத்தில் இரண்டு இருந்தன. இரண்டையும் எடுத்துத் தரச் சொன்னேன். ஆறு தந்திகளிலும் ஒவ்வொரு மெட்டாக அவளே வாசித்தாள். நான் வாய் திறக்கவில்லை. முதல் கிட்டாரின் இரண்டாம் தந்தியில் நின்று, திரும்பவும் வாசித்து, காதை அருகே வைத்துக் கேட்டாள். “மாமா, இதுல பதினாலாவது கரகரங்குது. அதுல இல்ல” என்றாள். எஃகு விளிம்பை வைத்துப் பார்த்தேன். பதினைந்தாம் மெட்டு சற்று உயர்ந்திருந்தது. இரண்டாவதைப் பெட்டியில் வைத்துக் கட்டச் சொன்னோம்.