கேப்டன் பதில் சொன்னார்

நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்த முப்பது விநாடியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் துணை விமானி. பறந்துகொண்டிருந்தபோது இடது எஞ்சினில் ஆயில் பிரஷர் இறங்கியது. செக்லிஸ்ட்படி அணைத்தோம். அதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் கேப்டனுக்குச் சீக்கிரம் இறங்கிவிட வேண்டும் என்று இருந்தது. உயரமாகவும் வேகமாகவும் உள்ளே வந்தோம். ஆயிரம் அடியில் "ஸ்பீட்" என்றேன். "கரெக்டிங்" என்றார். எழுநூறில் "சிங்க் ரேட்" என்றேன், மிக வேகமாகக் கீழே இறங்குகிறோம் என்று அர்த்தம். மறுபடியும் "கரெக்டிங்". ஐந்நூறு அடியிலும் வேகம் 22 நாட் அதிகம். "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்" என்றேன். இப்படி இறங்கக் கூடாது, மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவோம் என்று அர்த்தம்.

"லேண்டிங்" என்றார்.

என் வலது கை, விமானத்தை ஓட்டும் பிடியான சைட்ஸ்டிக்கில் இருந்தது. கட்டைவிரல் சிவப்புப் பொத்தானைத் தொட்டபடி. அதை அழுத்தி "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றால் விமானம் என் கைக்கு வந்துவிடும். நான் அழுத்தவில்லை.

இரண்டு முறை சொல்லியும் கேப்டனிடமிருந்து பதில் இல்லையென்றால் நீ எடுத்துக்கொள் என்பார்கள். என் கேப்டன் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார். பதில் வந்துகொண்டிருந்தது, வேகம்தான் குறையவில்லை.

2010 மே 22 அன்று மங்களூருவில் ஓடுதளத்தைத் தாண்டிப் போன விமானத்தில் 158 பேர் இறந்தார்கள். அந்தத் துணை விமானியும் "கோ அரவுண்ட்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், ஆனால் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை. அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதில் விதிகள் தெளிவாக இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்று விசாரணை அறிக்கை எழுதியது. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. எங்கள் கையேட்டில் தெளிவாகவே இருந்தது.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. இருநூறு அடியில், ஒரே எஞ்சினோடு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைவிட மோசமான நிலைமை வேறு கிடையாது. வானம் தெளிவாக இருந்தது, ஓடுதளம் நீளமானது. இதையெல்லாம் சிமுலேட்டர் பயிற்சியில் யாராவது கேட்டால் இப்போதும் வாதாடுவேன். ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் அன்று ராத்திரி ஹோட்டல் அறையில் தோன்றியவை. அந்த நொடியில் தோன்றியது ஒன்றுதான்: சார் கோபித்துக்கொள்வார்.

வெகுதூரம் மிதந்து போய்த்தான் சக்கரம் தரையைத் தொட்டது. நின்றபோது பிரேக்குகள் கொதித்துக்கொண்டிருந்தன. பயணிகள் கைதட்டினார்கள்.

ஹோட்டலுக்குப் போகும் வேனில் கேப்டன் கேட்டார்: "ஒரு எஞ்சினோட கோ அரவுண்ட் போயிருக்கணும்ங்கிறியா தம்பி?"

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் செய்து காட்டுகிற விஷயம் அது. "ஆமாம் சார்" என்று சொல்லியிருக்கலாம். "இல்ல சார்" என்றேன். பொத்தானை அழுத்தாததைவிட இந்த பதில்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பொத்தான் விஷயத்தில் நான் செய்தது சரியாகக்கூட இருக்கலாம். வேனில் பயப்பட எந்த அவசியமும் இல்லை.

இப்போது நான் இடது சீட்டில், கேப்டனாக. "நீங்கள் கோ அரவுண்ட் என்றால் கேள்வி கேட்காமல் போவேன்" என்று ஒவ்வொரு பிரீஃபிங்கிலும் சொல்கிறேன். போன மாதம் ஒரு புதுப் பையன் "ஸ்பீட்" என்றான். என் வாயிலிருந்து தானாக வந்தது, "கரெக்டிங்". வேகம் உடனே சரியாகிவிட்டது, அவன் மறுபடி சொல்லத் தேவைப்படவில்லை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு விநாடி, அவன் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குப் பார்க்கத் தோன்றியது.