ஓடைப் பணி நோட்டீஸ் வந்தால்: மதிலில் இருந்து அளக்க விடாதீர்கள், சர்வே கல்லைக் காட்டுங்கள்

எங்கள் வீட்டு மதிலில் சிவப்பு பெயிண்டில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் "1.6 மீ" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. தெருவில் மழைநீர் ஓடை கட்டி ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், அம்புக்குறி காட்டும் தூரம் வரை உள்ளது ஆக்கிரமிப்பு, ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். முகப்பு 12 மீட்டர். 1.6 மீட்டர் போனால் 19.2 சதுர மீட்டர், கிட்டத்தட்ட அரை சென்ட். நம்மூரில் அரை சென்ட் என்ன விலை என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து வாரம் கழித்து முடிவானது இது: மதில் சரியான இடத்தில்தான் இருக்கிறது, வாசல் படி மட்டும் 45 செ.மீ. ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. படியை உடைத்துக் கொடுத்தாயிற்று. இதற்கு மொத்தம் பதினொரு தடவை அலைச்சல். அதில் ஆறு வீண். அந்த ஆறும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஓடை வேண்டாம் என்று எங்கள் தெருவில் ஒருவரும் சொல்லவில்லை. 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஓடை இல்லாத தெரு இரண்டு தடவை முங்கும். கேள்வி எங்கே கட்டுவது என்பது மட்டும்தான்.

நோட்டீசைக் கையில் வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது, வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுவது. எங்களுக்கு வந்த நோட்டீசில் அச்சான தேதி ஒன்று, கையில் கிடைத்தது ஐந்து நாள் கழித்து. ஏழு நாள் என்பதை நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். நகராட்சி ஊழியர் கையெழுத்து கேட்டால், பக்கத்தில் தேதியும் போட்டே கொடுங்கள்.

அடுத்தது, யார் அனுப்பியது, எந்தச் சட்டம் என்று பார்ப்பது. சானல்கரைத் (பாசனக் கால்வாய்க் கரை) தெருக்களில் இது பெரிய குழப்பம். ஒரே கரையில் தண்ணீர் போகிற பகுதி நீர்வளத்துறைக்கு, தார் ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கோ நகராட்சிக்கோ, மிச்சம் வருவாய்த் துறை புறம்போக்கு. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் வந்தால் பிரிவு 7 விளக்கம் கேட்பது, பிரிவு 6 அகற்றச் சொல்வது. 7 வந்திருக்கும்போதே அரண்டு போய் மதிலை இடிக்க வேண்டாம். 7-ஐ மேசை மேல் போட்டுவிட்டு 6 வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். நகராட்சி தானாக அனுப்புவது நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின்கீழ் இருக்கும். பதில் கடிதத்தில் அந்த நோட்டீசின் ந.க. எண்ணையும் (கோப்பு எண்) தேதியையும் அப்படியே எழுதுங்கள். எண் இல்லாத கடிதம் எந்தக் கோப்பிலும் சேராது.

முதல் வீண் அலைச்சல் பதிலைக் கொடுக்கப் போனபோது. பிரிவு எழுத்தர் கடிதத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "பாத்துக்கலாம் சார், நீங்க போங்க" என்றார். ஒப்புகை கேட்டால், அது தபால் பிரிவு வேலை என்றார். தபால் பிரிவில் ஆள் இல்லை, மூன்று மணிக்கு மேல் வரச் சொன்னார்கள். மூன்று மணிக்குப் போனால் முத்திரை மட்டும் குத்தினார்கள், தேதி இல்லை. தேதி இல்லாத முத்திரை எதற்கும் உதவாது. மறுநாள் காலை பத்தரைக்குப் போய் இரண்டாம் நகலில் தேதியோடு வட்ட முத்திரை வாங்கிய பிறகுதான் நிம்மதி. அதே கடிதத்தை ஒப்புகை அட்டையுடன் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி, போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்தில் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து "உங்க பதிலே வரலியே" என்று அதே அறையில் சொன்னார்கள். முத்திரை போட்ட நகலை நீட்டியதும் பேச்சு நின்றது.

பதிலில் என்ன எழுதினோம் என்பதையும் சொல்கிறேன். மூன்றே விஷயம். ஒன்று, எங்கள் அனுபவத்தில் உள்ள இடம் பிரமாணப்படியும் (பத்திரப்படியும்) பட்டாப்படியும் உள்ளது. இரண்டு, அளவு எந்தப் புள்ளியில் இருந்து எடுக்கப்பட்டது என்று நோட்டீசில் இல்லை, அளவைக் குறிப்பின் நகல் வேண்டும். மூன்று, புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) உள்ள சர்வே கற்களில் இருந்து எங்கள் முன்னிலையில் மறு அளவை செய்ய வேண்டும். எதிர் வீட்டுக்காரர் ரோட்டை வளைத்துவிட்டார் என்று ஒரு வரி எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். கல்லில் இருந்து அளந்தாலே அது வெளியே வந்துவிடும். எழுதினால் தெருவில் பகை மட்டும் மிஞ்சும்.

புலப்படத்தை இணையத்தில் எடுப்பது எளிது, எடுத்தபின்தான் தவறு நடக்கிறது. அச்சிடும்போது கம்ப்யூட்டர் படத்தைத் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிடும். அதன்மேல் ஸ்கேலை வைத்து "ஒரு சென்டிமீட்டருக்கு பத்து மீட்டர்" என்று கணக்குப் போட்டால் எல்லாமே பிசகும். கோட்டின் ஓரமாக எழுதியிருக்கும் எண்களைத்தான் எடுக்க வேண்டும். பழைய படமாக இருந்தால் அந்த எண்கள் மீட்டராக இருக்காது, லிங்க்ஸ் கணக்காக இருக்கும். ஒரு லிங்க் 20.12 செ.மீ. பட்டாவில் உள்ள பரப்பும் அப்படித்தான்: 0.02.43 என்றால் ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர். அதாவது 243 சதுர மீட்டர், ஆறு சென்ட். சென்டுக்கு 40.47 சதுர மீட்டர் என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அலுவலகத்தில் நிற்கும்போது கை கொடுக்கும்.

எங்களுக்குச் சிக்கல் பட்டாவில் இருந்தது. கூட்டுப் பட்டா. நான்கு பேர் பெயர், ஒரே பரப்பு, உட்பிரிவு இல்லை. "இதுல உங்க முகப்பு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பாகப்பிரிவினைப் பிரமாணத்தைக் கொடுத்தால், அதன் மூலப் பிரமாணம் வேண்டும் என்றார்கள். கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு இருப்பவர்கள் நோட்டீஸ் வருவதற்கு முன்பே உட்பிரிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்; அவசரத்தில் அது நடக்கிற காரியம் இல்லை.

மூலப் பிரமாணம் திருவிதாங்கூர் காலத்தது, மலையாளத்தில் எழுதியது. நம் மாவட்டத்தில் 1956 நவம்பர் 1-க்கு முந்தைய பிரமாணம் வைத்திருப்பவர்களில் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். வீட்டில் இருந்த நகலில் முதல் தாள் கிழிந்திருந்தது, சான்றிட்ட நகல் எடுக்க வேண்டும். தேதி துலாம் மாதம், 1121. இது கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால் 1946. அப்படியே மனுவில் 1946 என்று எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து, "அப்படி ஒரு பதிவு இல்லை" என்ற பதிலை வாங்கினோம். கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்ஙத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில். சிங்ஙம் தொடங்கி டிசம்பர் கடைசி வரை உள்ள தேதிக்கு 824-ஐத்தான் கூட்ட வேண்டும்; ஜனவரி தொடங்கித்தான் 825. துலாம் 1121 என்றால் 1945 அக்டோபர், நவம்பர். ஒரே ஒரு எண் பிசகியதில் பத்து நாள் போயிற்று.

இதில் இன்னொன்றும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையதுதான். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போக வேண்டும். அதுவும் இன்றைக்கு உங்கள் ஊர் எந்தச் சார்பதிவகத்தின்கீழ் இருக்கிறது என்று பார்த்துப் போகக் கூடாது. அன்றைக்கு எங்கே பதிந்தார்களோ அங்கே போக வேண்டும். பிரமாணத்தின் பின்பக்க முத்திரையைப் பார்த்தால் அது தெரியும். பாராமல் போனதில் எங்களுக்கு ஒரு பகல் வீண்.

மொழிபெயர்ப்புக்கு மலையாளம் வாசிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் போதாது, பழைய பிரமாண மொழி தெரிந்தவர் வேண்டும். மலையாளப் பிரமாணத்தில் "நிலம்" என்றால் நெல்வயல், "புரயிடம்" என்றால் வீடும் தென்னையும் நிற்கிற கரைப் பூமி. புரயிடத்தை "நிலம்" என்று தமிழில் மாற்றி எழுதிக்கொண்டு போனால், பட்டாவில் புஞ்சை, பிரமாணத்தில் வயல், ஏன் என்று ஒரு புதுக் கேள்வி பிறக்கும். புரயிடம் என்றே இருக்கட்டும், நம் அலுவலகங்களில் அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். மொழிபெயர்ப்பில் நோட்டரி கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் வேண்டும், கடைசிப் பக்கத்தில் மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பழைய சர்வே எண் எந்த ரீசர்வே எண்ணாக மாறியது என்று காட்டும் கோரிலேஷன் விவரத்தையும் தாலுகா அலுவலகத்தில் வாங்கிச் சேர்த்தால்தான் பழைய பிரமாணம் இன்றைய புலப்படத்தோடு ஒட்டும்.

இதற்கிடையே உதவியாக அமைந்தது டெண்டர் ஆவணம். தமிழக அரசின் டெண்டர் இணையதளத்தில் பணியின் பெயரைக் கொண்டு தேடினால் வரைபடம், வேலை அளவுப் பட்டியல் எல்லாம் பெரும்பாலும் கிடைக்கும். எங்கள் தெரு ஓடையின் உள் அகலம் 0.60 மீட்டர், இரண்டு பக்கச் சுவரும் தலா 0.15. மொத்தம் 0.90 மீட்டர். அதுவும் புலப்படத்தில் உள்ள 7.6 மீட்டர் ரோட்டுக்குள்ளேயே அடங்கும்படிதான் வரைந்திருந்தார்கள். தனியார் இடம் எடுக்கும் திட்டமே அதில் இல்லை. அந்தத் தாளை அச்சிட்டு மனுவோடு சேர்த்த பிறகுதான் பொறியியல் பிரிவில் எங்களை உட்காரச் சொன்னார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனுவும் போட்டிருந்தோம். பதில் 28-ஆம் நாள் வந்தது, எல்லாம் முடிந்த பிறகு. ஏழு நாள் நோட்டீசுக்கு அது ஆகாது. ஆனாலும் போட்டு வைப்பது நல்லது, முதல் அளவைக் குறிப்பின் நகல் அதில்தான் கையில் வந்தது.

மறு அளவைக்குக் கொடுத்த முதல் தேதி மாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மண்டைக்காடு கோயில் கொடை, உள்ளூர் விடுமுறை. கொடுத்தவர்களும் கவனிக்கவில்லை, வாங்கிய நாங்களும் கவனிக்கவில்லை. நாள் குறிக்கும்போது மண்டைக்காட்டுக் கொடையையும் கோட்டார் சவேரியார் திருவிழாவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தேதியில் சர்வேயர் வந்தார். வந்ததும் எதிர் மதிலில் டேப்பைப் பிடித்து 7.6 மீட்டர் இழுக்கத்தான் போனார். முதலில் சிவப்பு அம்புக்குறி விழுந்ததும் அப்படித்தான். இரண்டு மதிலுக்கும் இடையே இன்று இருப்பது 6 மீட்டர். எதிர் மதிலில் இருந்து 7.6 இழுத்தால் 1.6 மீட்டர் எங்கள் பக்கம் வந்து விழாமல் எங்கே போகும்? "சார், மதில் நேத்து கட்டினது, கல்லு அன்னைக்கே போட்டது, கல்லுல இருந்து பிடிங்க" என்றோம். "கல்லு எங்க இருக்குன்னு காட்டுங்க, பிடிக்கிறேன்" என்றார். அவர் கேட்டது சரி. கல்லைக் காட்டுவது நம் பொறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தின வாரமே தேடி வைத்திருந்தோம். தெருமுனையில் மூன்று புலங்கள் சந்திக்கும் இடத்தில் புலப்படம் ஒரு கல்லைக் காட்டுகிறது. ரோட்டுக்கு மேல் ரோடாகப் போட்டதில் அது மண்ணுக்கடியில் போயிருந்தது. மம்பட்டியால் ஓரமாகக் கிளறி, பிறகு கையால் மண்ணைத் தள்ளியபோது முக்கால் முழ ஆழத்தில் கருங்கல்லின் தலை தெரிந்தது. ஒரு மூலை உடைந்திருந்தாலும் மேலே குறுக்குக் கீறல் தெளிவாக இருந்தது. தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்து, பக்கத்தில் டேப்பை வைத்து போட்டோ எடுத்தோம். வேரோடு அசைத்துவிடக் கூடாது. கல் நகர்ந்தது என்று ஒரு பேச்சு வந்தால் அதன் பிறகு அந்தக் கல்லை யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தக் கல்லில் இருந்தும் மறுமுனைக் கல்லில் இருந்தும் பிடித்ததில் ரோட்டின் எங்கள் பக்க ஓரம் மதிலின் வெளி முகத்தோடு சரியாக நின்றது. சர்வேயர் இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். துணி டேப் இழுக்க இழுக்க நீளும் என்று நாங்கள் ஸ்டீல் டேப் கொண்டுபோயிருந்தோம், அதிலேயும் அதே அளவு. படியின் 45 செ.மீ. அப்போதுதான் தெரிந்தது. அதை அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டோம். அப்படி ஒத்துக்கொண்டது அளவைக் குறிப்பு எழுதும்போது சுமுகமாக இருக்க உதவியது.

அளவைக் குறிப்பில் சர்வேயர், பொறியியல் பிரிவு ஆள், நாங்கள், பக்கத்து வீட்டார் இரண்டு பேர் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். "பிறகு நகல் தருகிறோம்" என்றதும் சரி என்று விடாமல், அங்கேயே போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டோம். மதிலில் இருந்த சிவப்பு அம்புக்குறியையும் அவர்களை வைத்தே அழிக்கச் செய்தோம். அது மதிலில் கிடந்தால், பின்னால் வரும் ஒப்பந்ததாரரின் ஜேசிபிக்கு நம் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

ஓடை வேலை இப்போது தெருமுனை வரை வந்துவிட்டது. கான்கிரீட் போட்டால் அந்தக் கல் மறுபடியும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் மூடுவதற்கு முன் கல்லின் கீறலில் இருந்து கலுங்குக் (சிறுபாலம்) கைப்பிடிச் சுவரின் இரண்டு மூலைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து, உதவிப் பொறியாளரின் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கியாயிற்று: 4.35 மீட்டர், 6.10 மீட்டர். மின்கம்பத்தில் இருந்து எடுக்கலாம் என்றார்கள், கம்பத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள் என்பதால் வேண்டாம் என்றோம். அந்தத் தாள் இப்போது 1121-ஆம் ஆண்டுப் பிரமாணத்தோடு ஒரே கவரில் இருக்கிறது. உட்பிரிவு மனு போன வாரம் கொடுத்தோம், தேதியோடு ஒப்புகை வாங்கிவிட்டோம்.